சாவடியோரத்து அடுப்புகள்

கோபாலபுரம் என்றால் சென்னைக்காரர்களுக்கு ஒரு குடியிருப்புப் பகுதி நினைவுக்கு வரும். பொள்ளாச்சிக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது செக்போஸ்ட். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் சாலையில் தமிழ்நாடு முடிந்து கேரளத்தின் சித்தூர் வட்டம் தொடங்கும் இடம் அது. வடக்கே வேலந்தாவளம், வாளையாறு. தெற்கே மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். இன்னும் தெற்கே இடுக்கி மலைகளில் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று இந்த எல்லை நெடுகிலும் இதே போன்ற வாசல்கள் உண்டு. எல்லா வாசல்களிலும் சாலையோரத்தில் அடுப்பு எரிகிறது. தள்ளுவண்டி, பின்கதவைத் திறந்துவைத்த ஆம்னி வேன், மாற்றிக் கட்டிய டெம்போ, மாலையில் மட்டும் முளைக்கும் தட்டுக்கடை என்று அதன் உருவம் பலவிதம். கூரை போட்டு, வாடகை கொடுத்து, உரிமம் எடுத்து ஓட்டல் நடத்துகிறவர்கள் இவற்றால் தங்கள் பிழைப்பு கெடுகிறது என்கிறார்கள். கேரளத்தின் ஓட்டல் உரிமையாளர்கள் தட்டுக்கடைகளுக்குக் கட்டுப்பாடு கேட்டுப் பலமுறை குரல் எழுப்பியிருக்கிறார்கள். மரபான உணவகத்தின் வாடிக்கையை நேற்று வந்த ஃபுட் டிரக் பறிக்கிறது என்றே இந்தப் பூசல் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. எல்லையின் வரலாற்றைப் பார்த்தால் இந்தச் சித்திரம் தலைகீழாகிவிடும். இங்கே நகர்ந்து விற்ற சாப்பாடுதான் மூத்தது. ஓட்டல் அதற்குப் பின்னால் வந்தது. இரண்டுக்கும் பகையை மூட்டியது சந்தைப் போட்டியைவிடச் சட்டம்தான். உணவுத் தொழில் பற்றிய நம் சட்டங்கள் நெடுங்காலம் சாப்பாட்டைப் பார்த்து எழுதப்படவில்லை, சாப்பாடு விற்கும் கட்டடத்தைப் பார்த்து எழுதப்பட்டன என்பதே என் வாதம்.

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த பெரிய இடைவெளி, 30 கிலோமீட்டருக்குக் குறையாத அகலம். கொங்கு நாட்டிலிருந்து மலையேறாமல் மேற்குக் கடற்கரைக்குப் போக நினைத்தவர்கள் எல்லாரும் இந்த வழியாகத்தான் போனார்கள். மாடும் புகையிலையும் துணியும் மேற்கே போயின. பாக்கும் மிளகும் தேங்காயும் கிழக்கே வந்தன. 1956 வரை இங்கே ஓடிய எல்லைக்கோடு இன்றைய மாநில எல்லையைவிடச் சிக்கலானது. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பொள்ளாச்சி அதே மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. நடுவே சித்தூர் வட்டம் மட்டும் கொச்சி சமஸ்தானத்தின் துண்டாகத் தனித்துக் கிடந்தது. பொள்ளாச்சிச் சந்தையில் சரக்கேற்றிய மாட்டுவண்டி பிரிட்டிஷ் மண்ணில் புறப்பட்டு, கொச்சி ராஜாவின் மண்ணைக் கடந்து, மறுபடி பிரிட்டிஷ் மண்ணில் இறங்கியது. 1865-ல் பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூரும் கொச்சியும் செய்துகொண்ட வணிக உடன்படிக்கை பெரும்பாலான சரக்குகளுக்கு உள்நாட்டுச் சுங்கத்தை நீக்கியது. உப்பு, புகையிலை போன்ற சிலவற்றுக்குக் கட்டுப்பாடு தொடர்ந்தது. கோவைப் புகையிலைக்கு மேற்கே இருந்த கிராக்கியை நினைத்தால், உடன்படிக்கைக்குப் பிறகும் காவலும் சோதனையும் ஏன் ஓயவில்லை என்பது புரியும். சோதனைக்காக வண்டி நின்றால் வண்டிக்காரரும் நிற்க வேண்டும், நின்றவருக்குப் பசிக்கும். எல்லைச் சாப்பாட்டின் கதை இந்த எளிய உண்மையிலிருந்து தொடங்குகிறது.

அந்தப் பசிக்கு அன்று ஓட்டல் இல்லை. வழிப்போக்கர் கட்டுச்சோறு கொண்டுவந்தார். தீர்ந்தால் சத்திரத்தை நம்பினார். கொச்சி, திருவிதாங்கூர் அரசுகளும் கோயில்களும் நடத்திய ஊட்டுப்புரைகளில் இலவசச் சாப்பாடு உண்டு, ஆனால் அது முதன்மையாகப் பிராமணர்களுக்கானது. சமைத்த சோற்றை விலைக்கு விற்பது கௌரவக் குறைவாகவும், விலைக்கு வாங்கித் தின்பது அதைவிடக் குறைவாகவும் கருதப்பட்ட காலம். இந்தத் தடையைத் தாண்டி உணவு வணிகத்தைத் தொடங்கிவைத்தவர்கள் கூடைக்காரர்கள். பாலக்காட்டை அடுத்த ராமசேரியின் இட்லி இதற்குக் கண்முன் இருக்கும் சான்று. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் மண்பானையின் வாயில் வலை போல் கயிறு பின்னி, அதன்மேல் துணி விரித்து, விறகடுப்பில் வேகவைக்கும் தட்டையான இட்லி அது. இன்று அதைத் தேடி அந்த ஊருக்கே கார்கள் போகின்றன. ஆனால் அந்தத் தொழில் கடையாகத் தொடங்கவில்லை. சுட்ட இட்லியைச் சுமந்து ஊர் ஊராக, வீடு வீடாக விற்றார்கள். கடை பிறகு வந்தது. நாள் தள்ளினாலும் கெடாது என்று அந்த இட்லிக்கு இருக்கும் பெயரையும் இந்த அலைச்சலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெகுதூரம் சுமந்து போகவேண்டிய பண்டம் கெட்டியாகவும் தாங்கக்கூடியதாகவும் இருந்தாக வேண்டும். இன்று மரபுச் சுவை என்று கொண்டாடப்படும் ஒன்றின் வடிவத்தையே நடமாடும் வணிகம்தான் தீர்மானித்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஓட்டல் ரயிலோடு வந்தது. சென்னையிலிருந்து போத்தனூர் வழியாகப் பாலக்காட்டைத் தொட்டு பேப்பூர் வரை 1862-ல் பாதை முடிந்தது. பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதை 1932-ல் வந்தது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி ஓட்டல்களும் கிளப்புகளும் தமிழ் ஊர்களில் பெருகின. வீட்டுக்கு வெளியே சாப்பிடும் பழக்கம் பரவியதைக் கண்டு அன்றைய பத்திரிகைகள் எவ்வளவு பதறின என்பதை வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி தம் ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார். கூரைக்குள் வந்ததும் சாப்பாடு சாதியையும் உள்ளே அழைத்துக்கொண்டது. பிராமணருக்குத் தனி அறை, மற்றவருக்குத் தனி அறை, சிலருக்கு வாசலிலேயே தடை. பாலக்காட்டின் கல்பாத்தி அக்கிரகாரத் தெருவில் ஈழவர் நடக்கலாமா என்பதே 1924, 1925-ம் ஆண்டுகளில் பெரிய மோதலாக வெடித்த மாவட்டத்தில், அதே ஆட்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்க முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள் என்று பெயர் சொல்லியே நுழைவுரிமை கொடுக்க வேண்டியிருந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும்! அதற்குப் பிறகும் 1957-ல் திருவல்லிக்கேணியில் ‘பிராமணாள்’ பெயர்ப்பலகையை எதிர்த்துப் பெரியார் போராட வேண்டியிருந்தது. ‘மரபான உணவகம்’ என்று இன்று நாம் பாதுகாக்க நினைப்பதன் மரபில் இதுவும் அடக்கம். சாலையோர வண்டிக்கு உள்ளே, வெளியே என்ற பாகுபாடு இல்லை. எல்லாரும் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். அதனாலேயே அங்கே சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தனி டம்ளர் வைக்கக் கூரை தேவையில்லை. கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியின் சக்கிலியர் குடும்பங்கள் டீக்கடைப் பாகுபாடு பற்றி 2017-ல் எழுப்பிய புகார் இந்த எல்லைக்கே உரியது. ஆனாலும் சுவரில்லாத கடையில் ஒருவரைத் தனியே ஒதுக்கி உட்காரவைப்பது கடினம் என்பதை மறுக்க முடியாது.

ஓட்டல் வந்த பிறகே சட்டம் வந்தது. அது தன் கண்முன் இருந்த ஓட்டலைப் பார்த்து எழுதப்பட்டது. சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-ல் வந்தது. திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த பிறகு அங்கே தனியாக ஒரு பொதுச் சுகாதாரச் சட்டம் 1955-ல் இயற்றப்பட்டது. 1956 நவம்பர் 1-ல் கேரளம் உருவாகி, 1957 தொடக்கத்தில் பாலக்காடு மாவட்டம் அமைந்து, சித்தூர் வட்டம் அதில் சேர்ந்தபோதும் இந்தச் சட்டங்கள் ஒன்றாகவில்லை. கேரளம் தனக்கென ஒரே பொதுச் சுகாதாரச் சட்டத்தை நிறைவேற்றியது 2023-ல்தான். ஆக 60 ஆண்டுகளுக்கு மேல் பாலக்காட்டு நகரத்து ஓட்டலும் பொள்ளாச்சி ஓட்டலும் ஒரே 1939 சட்டத்தின் வழிவந்த விதிகளில் இருக்க, இரண்டுக்கும் நடுவே இருந்த கோபாலபுரத்துக் கடைக்குப் பழைய சமஸ்தானப் பகுதியின் வேறொரு சட்டம் பொருந்தியது. மாநில எல்லை மாறியும் அடுப்புக்கு மேலிருந்த சட்ட எல்லை மாறவில்லை. தொழிலாளர் சட்டங்களிலும் இதே பார்வைதான். 1958-ல் சென்னை மாநிலம் உணவு நிறுவனங்களுக்கென இயற்றிய சட்டமும், 1960-ல் கேரளம் இயற்றிய கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டமும் உணவகம் என்பதை ஒரு வளாகமாகவே வரையறுத்தன. வளாகம் இருந்தால் அது உணவகம். ஆய்வாளர் வருவார், பதிவேடு கேட்பார், கூலியையும் வேலை நேரத்தையும் பார்ப்பார். வளாகம் இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அங்கே உணவே விற்கப்படவில்லை, சாலை ஆக்கிரமிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒரே தோசையைச் சுட்ட இருவரில் ஒருவர் தொழில்முனைவர் ஆனார். மற்றவர் ஆக்கிரமிப்பாளர் ஆனார்.

இதே ஆண்டுகளில்தான் எல்லையில் வண்டிக்கடையின் தேவை பல மடங்கு பெருகியது என்பது வரலாற்றின் முரண். மாநிலங்கள் பிரிந்ததும் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் வந்தன. வாளையாறில் சரக்கு லாரிகள் மணிக்கணக்காக, சில நாள்களில் இரவு முழுவதும் வரிசையில் நின்றன. வண்டியை விட்டு நகர முடியாத ஓட்டுநருக்கும் கிளீனருக்கும், வரிசை நகர நகரத் தானும் நகர்ந்து போய் டீயும் ஆம்லெட்டும் கொடுத்தவர் வண்டிக்காரர்தான். அரை கிலோமீட்டர் தள்ளி இருந்த ஓட்டலால் அது முடியாது. கோபாலபுரத்திலும் மீனாட்சிபுரத்திலும் சிறிய அளவில் இதே கதை. 1987 தொடக்கத்தில் தமிழ்நாடு கள்ளுக்குத் தடை விதித்ததும் இன்னொரு கூட்டம் எல்லை தாண்டத் தொடங்கியது. கேரளத்தின் கள்ளில் பெரும்பங்கு சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளிலிருந்துதான் போகிறது. கள்ளுக்கடைக் கறியும் மீனும் எல்லைக்கு இந்தப் பக்கத்தாரையும் இழுத்தன. ஒரு மாநிலத்தின் மதுவிலக்கு விதி அடுத்த மாநிலத்தின் சமையலறைக்கு வியாபாரம் கொடுத்தது. முதலமடைத் தோட்டங்களில் மாம்பழப் பருவம் வந்தால் கோவிந்தாபுரம் பக்கம் லாரி நெரிசல். பருவம் முடிந்தால் சாலை காலி. இடுக்கிப் பக்கம் போனால் விடியும் முன்பே தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்புகளில் அடைந்துகொண்டு ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள்; கார்த்திகை, மார்கழியில் குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள். இந்தக் கூட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை ஒரே இடத்தில், ஒரே அளவில், ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. இரண்டு மாதக் கூட்டத்தை நம்பிப் பன்னிரண்டு மாத வாடகைக்குக் கட்டடம் எடுப்பவர் நட்டப்படுவார். வண்டி என்பது வசதியில்லாதவர் வேறு வழியின்றிப் பிடித்துக்கொண்ட ஒன்று என்ற எண்ணம் பாதி உண்மைதான். நகரும் கூட்டத்துக்கு நகரும் கடைதான் கணக்குக்குச் சரியாக வரும் என்பது மறுபாதி.

இந்தக் கணக்கை 2017 ஜூலை 1 நிரூபித்தது. ஜி.எஸ்.டி. வந்த அன்றே வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. மோட்டார் வாகனத் துறை, கலால், கால்நடை, பால் சோதனைகள் போன்றவை நீடித்தாலும், மணிக்கணக்கான லாரி வரிசை போய்விட்டது. வரிசையை நம்பிக் கட்டடத்தில் முதல் போட்டவர்களால் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. சக்கரம் வைத்திருந்தவர்களால் போக முடிந்தது. எல்லையோர ஓட்டல்களின் இழப்புக்குத் தட்டுக்கடைதான் காரணம் என்று சொல்லும்போது இந்தத் தேதியை மறக்கக் கூடாது. வாடிக்கையாளரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அரசு, கலைத்ததும் அரசு.

நகரும் விற்பனையாளரைச் சட்டம் ஒரு மனிதராகப் பார்க்கத் தொடங்கியது நீதிமன்றங்களின் வழியாகத்தான். பம்பாய் நடைபாதை வியாபாரிகள் வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் விற்பனைக்கு அனுமதிக்கும் பகுதி, அனுமதிக்காத பகுதி என்று பிரிக்கச் சொன்னது. 1989-ல் சோதன் சிங் வழக்கில், தெருவில் பொருள் விற்பது அரசமைப்பின் 19-வது பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் வரும், நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று தீர்ப்பளித்தது. 2010-ல் கைண்டா ராம் வழக்கில், சட்டம் இல்லாத காரணத்தால் இந்த உரிமை அந்தரத்தில் தொங்கக் கூடாது என்று சொல்லி, சட்டம் இயற்றக் காலக்கெடு விதித்தது. கெடு தாண்டியே 2014-ல் தெரு வணிகர் சட்டம் வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, அது முடியும்வரை அப்புறப்படுத்தத் தடை, விற்பனைச் சான்றிதழ், வணிகர்கள் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இடம்பெறும் நகர விற்பனைக் குழு என்று அதன் ஏற்பாடுகள் நல்லவை. ஓர் இடத்தில் உட்கார்ந்து விற்பவரோடு இடம் மாறி மாறி விற்பவரையும் அது பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. ஆனால் இந்தச் சட்டம் நகர்ப்புறத்துக்கு மட்டும் உரியது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்றவற்றையே அது உள்ளாட்சி என்று கொள்கிறது. கிராம ஊராட்சி அதில் வராது.

எல்லையில் இதன் விளைவு விபரீதமானது. தமிழ்நாட்டுப் பக்கம் பொள்ளாச்சி, போடிநாயக்கனூர், கம்பம், கூடலூர் எல்லாம் நகராட்சிகள். அங்கே வண்டிக்காரருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. மலையேறிக் குமுளிக்குப் போனால் இல்லை, ஏனென்றால் எத்தனை ஆயிரம் சுற்றுலாப் பயணிகள் வந்தாலும் குமுளி கிராம ஊராட்சிதான். மூணாறும் அப்படியே. சித்தூர் வட்டத்துக்குள்ளேயே சித்தூர்–தத்தமங்கலம் நகராட்சியில் வண்டி நிறுத்துகிறவர் தெரு வணிகர். அதே வட்டத்தில் கோபாலபுரத்தில் நிறுத்துகிறவர் வழியை மறிப்பவர். கேரளத்தில் கிராமம் எங்கே முடிந்து ஊர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பது அந்தப் பக்கம் பயணம் செய்த எவருக்கும் தெரியும். ஆனால் சட்டம் அந்தக் கோட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. வண்டியின் பக்கம் போனால் இன்னொரு குழப்பம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2004-ல் வெளியிட்ட வாகன வகைப் பட்டியலிலேயே நடமாடும் கேன்டீன் போக்குவரத்து வாகனங்களில் ஒன்றாக இடம்பெற்றுவிட்டது. அதாவது அப்படி ஒரு வண்டியைப் பதிவு செய்யலாம், ஓட்டலாம். ஓட்டிப் போய் எங்கே நிறுத்தி விற்பது என்ற கேள்விக்குத்தான் கோபாலபுரத்தில் பதில் இல்லை.

ஓட்டல்காரர்களின் குறை பொய்யானது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவர்கள் சொல்வதில் வலுவானது செலவுக் கணக்கு. ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு, 2017 நவம்பருக்குப் பிறகு சாதாரண உணவகத்துக்கு 5 சதவீத வரி, அதுவும் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாமல். ஊராட்சி உரிமம், கழிவுநீர் ஏற்பாடு, வாடகை, வணிகக் கட்டண மின்சாரம், 19 கிலோ வணிக சிலிண்டர். பக்கத்தில் ஒருவர் 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை வண்டியில் வைத்துக்கொண்டு அதே பரோட்டாவை 5 ரூபாய் குறைத்து விற்றால் வயிறு எரியத்தான் செய்யும். வீட்டு சிலிண்டரை வணிகத்துக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். நெரிசலான சாலையோரத்தில் அது உயிருக்கும் ஆபத்து. இதில் ஓட்டல்காரர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் குறைக்கு மருந்து வண்டியை விரட்டுவதில் இல்லை. பதிவில்லாதவர் வரி கட்டவில்லை என்று சொல்லிக்கொண்டே, பதிவு செய்ய வழி கேட்டவருக்கு வழி இல்லை என்று சொல்வது முறையாகாது. விற்பனை 20 லட்சத்தைத் தாண்டும் வண்டிக்கும் ஜி.எஸ்.டி. உண்டு, தாண்டாத சிறு ஓட்டலுக்கும் அது இல்லை. வித்தியாசம் அளவில்தான் இருக்கிறது, சக்கரத்தில் இல்லை. வேலையாட்கள் பற்றிய கேள்வியும் இதைச் சேர்ந்ததே. 1957-ல் காப்பி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடத் தொடங்கியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் வழிகாட்டலில் தொழிலாளர்கள் கூட்டுறவு அமைத்து, 1958 மார்ச் 8-ல் திருச்சூரில் தங்கள் சொந்தக் காபி ஹவுஸைத் திறந்தார்கள். ஒரே கூரைக்குக் கீழ் பலர் வேலை பார்த்ததால்தான் அப்படி ஒன்றுசேர முடிந்தது. கணவனும் மனைவியும் நடத்தும் வண்டிக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் ஒரே முதலாளி பத்து வண்டிகளைச் சம்பள ஆள் போட்டு ஓட்டினால், அந்த ஆட்களுக்கு ஓட்டல் தொழிலாளிக்கு உள்ள உரிமை அத்தனையும் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

அடுத்தது சுகாதாரம். திறந்தவெளிச் சாப்பாடு அசுத்தம், நான்கு சுவருக்குள் சமைத்தது சுத்தம் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியது. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்துச் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி இறந்தார். 2023 தொடக்கத்தில் கோட்டயத்தில் ஓட்டல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு செவிலியர் இறந்தார். அதே ஆண்டு நாமக்கல்லில் ஒரு பள்ளி மாணவி. மூன்றுமே கட்டடத்தில் இயங்கிய கடைகள். முதல் இரண்டு மரணங்களுக்குப் பிறகுதான் கேரளம் உணவகப் பணியாளருக்குச் சுகாதார அட்டையைக் கட்டாயமாக்கியது, பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தது, பார்சலில் நேரம் குறிக்கச் சொன்னது. இந்த மூன்று விதிகளும் கூரையைப் பற்றிப் பேசவில்லை. கையை, முட்டையை, நேரத்தைப் பற்றிப் பேசுகின்றன. சாப்பாட்டைப் பார்த்து எழுதிய விதி என்றால் இப்படித்தான் இருக்கும். 2006-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்தத் திசையில் ஏற்கெனவே ஓர் அடி வைத்திருந்தது. சிறு வியாபாரி, தெருவில் கூவி விற்பவர், அலைந்து விற்பவர், தற்காலிகக் கடைக்காரர் ஆகியோருக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும் என்றது; 2011 விதிகள் 12 லட்சம் ரூபாய் வரை விற்பனையுள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் அந்தப் பதிவைத் தந்தன. குடிநீர், மூடிவைத்தல், கழிவு அகற்றல் என்று தெருக்கடைக்கேற்ற நிபந்தனைகளும் அவற்றில் உண்டு. இந்தச் சட்டம் கிராமத்துக்கும் பொருந்தும். ஆகவே கோபாலபுரத்து வண்டிக்காரர் உணவுப் பாதுகாப்புத் துறையின் கண்ணில் முறையான வணிகராகவும், சாலையைக் காக்கும் துறையின் கண்ணில் ஆக்கிரமிப்பாளராகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். குழாய்த் தண்ணீரும் குப்பைத்தொட்டியும் இல்லாத இடத்துக்கு விரட்டப்பட்டவரிடம் சுத்தத்தை எதிர்பார்ப்பது கடினம். விரட்டுதல் அசுத்தத்தைக் குறைப்பதில்லை, மறைக்கிறது.

சாலை பற்றிய எதிர்ப்பை நான் அப்படியே ஏற்கிறேன். கேரள நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் 1999-லேயே வந்தது. வளைவிலும் பாலத்தருகிலும் வண்டி நிறுத்தி வியாபாரம் செய்தால் உயிர்ச்சேதம் நிச்சயம், மலைச்சாலையில் இன்னும் நிச்சயம். எங்கே நிறுத்தக் கூடாது என்பதைச் சொல்ல அரசுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் பாதுகாப்புக்கான விதியும் போட்டியைத் தடுக்கும் விதியும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது. ஓட்டலிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளித்தான் வண்டி நிற்க வேண்டும் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. அமெரிக்காவின் சிகாகோ நகரம் இதைச் செய்தது: உணவகத்துக்கு 200 அடிக்குள் உணவு வண்டி நிற்கக் கூடாது, எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவியும் வண்டியில் வேண்டும். வழக்கு நடந்து, 2019 மே மாதம் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் அந்த விதியை ஏற்றுக்கொண்டது. உணவகங்கள் கட்டும் வரியால் நகரத்துக்கு வரும் வருமானம் அந்தத் தீர்ப்பில் முக்கிய நியாயமாக இருந்தது. என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஒரு கடை வாடகை கொடுக்கிறது என்பதால் அதன் முன்னால் 200 அடிச் சாலையும் அதற்குச் சொந்தமாகிவிடாது. சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1960-களின் இறுதியில் தெருவோர விற்பனையாளர்களைப் பதிவு செய்து, 1971 முதல் 1986 வரை அவர்களைத் தண்ணீரும் வடிகாலும் உள்ள உணவு மையங்களுக்கு மாற்றியது. அந்தப் பண்பாட்டை 2020-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அந்த மையங்களில் தமிழர்களின் கடைகளும் உண்டு. அந்த வழியிலும் இழப்பு உண்டு. நகர்ந்தவர்கள் நிலைகொண்டார்கள், புதியவருக்குக் கதவு குறுகியது. கூட்டமே நகரும் எல்லைக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் விரட்டுவதற்கு முன் தண்ணீர்க் குழாய் போடலாம் என்ற பாடத்தைக் கொண்டுவரலாம்.

கொரோனா காலம் இந்தப் பூசலின் இரு தரப்பையும் ஒரே வண்டியில் ஏற்றியது. 2020 ஊரடங்கில் உட்கார்ந்து சாப்பிடத் தடை வந்தபோது கேரளச் சாலைகளில் காரின் டிக்கியில் பிரியாணிப் பொட்டலங்கள் வந்தன. வளைகுடாவில் வேலை இழந்து திரும்பியவர்களும், ஓடாத பஸ்ஸின் தொழிலாளிகளும், மூடிய ஓட்டல்களின் சமையல்காரர்களும் விற்றார்கள். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமே ஓடாத பழைய பஸ்ஸை மாற்றி மில்மா பால் கூட்டுறவோடு சேர்ந்து திருவனந்தபுரத்தில் உணவு வண்டியாக்கியது அந்த ஆண்டில்தான். அரசு செய்தால் புதுமை, தனியாள் செய்தால் ஆக்கிரமிப்பு என்று இருக்க முடியாது. அதே காலத்தில் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் 20 ரூபாய்க்குச் சாப்பாடு போட்ட ஜனகீய ஓட்டல்கள் வந்தன. தமிழ்நாட்டில் 2013-லிருந்தே ஒரு ரூபாய் இட்லியோடு அம்மா உணவகம் இருக்கிறது. பெரிய ஓட்டலின் வாடிக்கையைச் செல்போன் வழி உணவு விநியோக நிறுவனங்கள் தரகு வாங்கிக்கொண்டு மாற்றிவிட்டிருக்கின்றன. இத்தனை பக்கங்களிலிருந்து போட்டி வரும்போது, எதிர்த்துப் பேச அமைப்பும் பணமும் இல்லாத தட்டுக்கடைக்காரரை மட்டும் எதிரியாகக் காட்டுவது எளிது. எளிதாக இருப்பதாலேயே அது சரியாகிவிடாது.

எல்லையோர ஊராட்சிகளில் இப்போது செய்யக்கூடியது சில உண்டு. விற்பனை நேரமும் இடமும் குறித்த சான்றிதழை ஊராட்சியே கொடுக்கட்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவும் வணிக சிலிண்டரும் அதற்கு நிபந்தனையாக இருக்கட்டும். பயன்படாமல் கிடக்கும் பழைய சாவடி நிலங்களில் தண்ணீரும் விளக்கும் வடிகாலும் கழிப்பறையும் வரட்டும். சபரிமலைப் பருவத்துக்கும் மாம்பழப் பருவத்துக்கும் பருவச் சான்றிதழ் இருக்கட்டும். பொள்ளாச்சியில் பதிவு செய்த வண்டி கோபாலபுரத்திலும் கோபாலபுரத்து வண்டி பொள்ளாச்சியிலும் நிற்க இரு பக்கத்து நிர்வாகங்களும் பேசிக்கொள்ளட்டும். சாப்பிட வருகிறவர்கள் இரு பக்கமும் ஒரே ஆட்கள்தான். ஓட்டல் சங்கங்கள் இதற்குக் குரல் கொடுத்தால் தங்கள் வரிக் குறைக்கும் அவர்கள் வழி தேடியதாக இருக்கும், ஏனென்றால் பதிவுக்குள் வந்த போட்டியாளரோடு மட்டுமே சமமாகப் போட்டியிட முடியும். இதற்கு நாடாளுமன்றத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. உள்ளாட்சியும் சந்தைகளும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன; 2014 சட்டம் தரும் பாதுகாப்பைக் கிராம ஊராட்சிகளுக்கு நீட்டிக்கக் கேரளச் சட்டமன்றத்துக்கும் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு.